கம்பம் போல நின்ற தொடையெலும்பு

பழங்கால எலும்புகளைக் கழுவித் துடைப்பதற்கென்றே ஓர் அருங்காட்சியகத்தில் செங்கமலம் என்று ஒருத்தி இருந்தாள். கழுவியதை முழங்கால் முனை கீழே படியும்படி மேஜையில் நிறுத்தித்தான் காயவைப்பாள்.

அங்கே இயக்குநர் வைகுண்டநாதன், கல்லாகிப்போன தொடையெலும்பு ஒன்றின் முழங்கால் பக்கத்துப் பாதியைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, 'இரண்டு காலில் நடந்த நம் ஆதி உறவினர்' என்று அட்டை எழுதி, பக்கத்தில் தன் படத்தையும் மாட்டியிருந்தார். மற்ற பெட்டிகளின் அட்டைகளும் அவர் எழுதியவைதான். அடக்கம் அவருக்கு ஒத்துக்கொள்ளாது.

"மனுஷக் காலு இப்படி நிக்காதுங்களே" என்று அதைத் துடைத்து நிறுத்தியபோது செங்கமலம் முணுமுணுத்தது அவர் காதுக்குப் போய்விட்டது. டெல்லியிலிருந்து ஆய்வுக் குழு வந்த அன்றைக்கே கூப்பிட்டார்.

"நீ சொன்னதைப் புத்தகம் தொடாமல் இவர்கள் முன்னால் நிரூபி. இல்லையென்றால் இன்றோடு உன் வேலை போச்சு."

செங்கமலத்தின் வீட்டில் சம்பாதிக்கிறவள் அவள் ஒருத்திதான். மனிதத் தொடையெலும்பு ஒன்றையும் மனிதக் குரங்கினுடையது ஒன்றையும் கொண்டுவந்து மேஜையில் பிடித்து நிறுத்தினாள். மனித எலும்பு பக்கவாட்டில் சாய்ந்தது. குரங்கினுடையது நேராக நின்றது.

"ரெண்டு கால்ல நடக்க முழங்கால் ரெண்டும் உள்ள நெருங்கணுங்க. அதான் இந்தச் சாய்வு" என்றவள், பெட்டியிலிருந்த எலும்பை நடுவில் வைத்தாள். அது கம்பம் போல நின்றது.

"ஐயா எழுதினதுல பாதி சரிங்க. உறவுதான். நாலு கால்ல வந்த உறவு."

குழுத்தலைவி சிரிப்பை அடக்கிக்கொண்டு அட்டையைக் கழற்றினார். இயக்குநர் வெளிறிப்போய், மெதுவாகக் கேட்டார்.

"மற்ற பெட்டிகளில் இருப்பதையும் நிறுத்திப் பார்த்தாயா?"

"எல்லாத்தையும் பார்த்தேனுங்க" என்றாள் செங்கமலம்.