திறந்திருந்த ஒரே கோப்பு

நூற்பாலை மேலாளர் சிதம்பரநாதன் தற்காலிக ஊழியன் பிச்சைக்கனியை அழைத்தார். "பழைய சர்வர் கம்ப்யூட்டர்ல இருக்கிறதெல்லாம் சாயங்காலத்துக்குள்ள புதுசுக்குப் போகணும். யாரும் வேலையை நிறுத்தமாட்டாங்க. ஒரு கோப்பு விட்டுப்போனாலும் நாளைக்கு நீ வரவேண்டாம்."

சாதாரணமாக நகலெடுத்தால் திறந்திருக்கும் கோப்புகள் விடுபடும். அதனால் பிச்சைக்கனி சர்வர் முழுவதையும் ஒரு நொடியில் படம்பிடித்தாற்போல் பதிந்துகொண்டு, அந்தப் பதிவிலிருந்து நகலெடுத்தான்.

மாலையில் மேலாளர் எல்லார் முன்னாலும் கேட்டார்: "எத்தனை விட்டுப்போச்சு?"

"ஒண்ணும் இல்லைங்க ஐயா. உங்க அறை கம்ப்யூட்டர்ல மட்டும் ஒரு கோப்பு காலையிலேருந்து திறந்தே இருக்கு. நீங்க எழுதி முடிச்சதும் அதை மறுபடி எடுத்துக்கிறேன்."

"எந்தக் கோப்பு?"

"'பிச்சைக்கனி பணிநீக்கக் கடிதம்' ஐயா."

அங்கே நின்றிருந்த காசாளருக்குத் தேநீர் புரையேறியது.

"அதை அழிச்சிடு," என்றார் மேலாளர்.

"திறந்திருக்கும்போது அழிக்க முடியாதுங்க. நீங்கதான் மூடணும்."

மேலாளர் எழுந்துபோய் மூடினார்.