நாணுக்கு ஒரு பங்கு

“நாய்க்கே ஒரு பங்கு போயிடுது. இதுல கிழவிக்கு வேற வைக்கணுமாக்கும்” என்று யாரோ சொல்லிச் சிரித்தது, பாறைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த சிலம்பியின் காதில் விழுந்தது. மருள் செடியின் இலையைச் சீவிக்கொண்டிருந்த அவள் கை நின்றது. கிழவி என்றது அவளுடைய மாமியார் கரியாத்தாளை.

செடிகொடிகளும் மனிதரைப் போல வாய்விட்டுப் பேசிய காலம் அது. அப்போது மருளுக்கு இன்றைய உருவம் இல்லை. வெறும் பச்சையாக, மெத்தென்று, இலைகளைத் தரையில் பரப்பிக்கொண்டு கிடக்கும். அதன் நாரைத் திரித்துத்தான் அந்த மலையடிவாரத்து வேடர்குடியில் எல்லா வில்லுக்கும் நாண் கட்டினார்கள். திரிப்பவள் கரியாத்தாள். இலை அறுக்கும் முன், “எடுத்துக்கட்டுமா?” என்று கேட்பாள். “நடுக்குருத்தை விட்டுட்டு எடுத்துக்கோ” என்று மருள் சொல்லும். கேட்காமல் அவள் ஓர் இலையையும் தொட்டதில்லை.

வேட்டையில் விழுந்ததைப் பங்குப்பாறையில் வைத்துப் பிரிப்பார்கள். அம்பு விட்டவனுக்கு ஒரு பங்கு, விலங்கைக் கலைத்து விரட்டியவனுக்கு ஒரு பங்கு, மோப்பம் பிடித்த நாய்க்கும் ஒரு பங்கு. சிலம்பியின் கணவனைக் கரடி அடித்துக் கொன்ற பிறகு அவர்கள் குடிசைக்கு எந்தப் பங்கும் வரவில்லை. சிலம்பியோ நிறைமாதம். காட்டுக் கிழங்கைத் தோண்டித் தின்று மாமியாரும் மருமகளும் பொழுதை ஓட்டினார்கள். குடியின் அம்பெல்லாம் பறந்தது அவர்கள் திரித்த நாணிலிருந்துதான்.

அந்தச் சிரிப்பு எழுந்த அன்று ஒரு கடமான் விழுந்திருந்தது. கரியாத்தாள் நேரே பங்குப்பாறைக்குப் போய் நின்றாள்.

“நாணுக்கு ஒரு பங்கு வைங்கப்பா. எனக்கு வேண்டாம், பல்லு போச்சு. புள்ளத்தாச்சிக்கு வேணும்.”

குடியின் தலைவனான மூப்பன் கத்தியைத் துடைத்துக்கொண்டே, “பங்கு கேக்க, நாண் என்ன நாலு கால்ல ஓடிச்சா?” என்றான்.

“உன் அம்பு மட்டும் தானாவே நடந்து போச்சோ? நாணை அவுத்துப் போட்டுட்டு ஒரு தடவை எய்து பாரேன்.”

கூட்டத்தில் ஒருவன், “இந்த மாமியார் நாக்கைத் திரிச்சு வில்லுல கட்டினா யானையே விழும்” என்றான். பாறை அதிரச் சிரித்தார்கள். மூப்பனுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. “இனிமே உன் நாக்கு இந்தக் குடியில அசையக் கூடாது. அசைஞ்சா ரெண்டு பேரும் காட்டை விட்டுக் கிளம்பிடுங்க.”

கரியாத்தாள் திரும்பி வந்தாள். அதன்பின் பேசவில்லை. மறுநாள் சிலம்பி வேண்டுமென்றே கிழங்கைக் கருகவிட்டாள். சாம்பலை வாசலிலேயே கொட்டினாள். முன்பென்றால் அந்த நாக்கு பொழுது சாயும்வரை அவளை விட்டிருக்காது. அது ஓயாதா என்று அவளே எத்தனையோ முறை பல்லைக் கடித்ததுண்டு. இப்போது மாமியார் கருகலைச் சுரண்டிவிட்டுப் பேசாமல் தின்றாள்.

சிலம்பி எழுந்து மருளிடம் போனாள்.

“காலையில வந்த உன் அத்தை வாயே திறக்கல. கையை மட்டும் ஏந்திட்டு நின்னா. என்ன வந்துச்சு அவளுக்கு?” என்றது மருள்.

சிலம்பி நடந்ததைச் சொன்னாள். தன் வாழ்நாளில் அவள் அவ்வளவு நீளமாகப் பேசியது அதுவே முதல் தடவை.

மருள் இலைகளை உதறியது. “என் நாரு வேணும், அவ கை வேணும், அவ நாக்கு மட்டும் ஆகாதோ? சரி, இந்தத் தடவை நடுக்குருத்தையும் எடு. ஓடையில அலசாதே. அலசினா சதையோட என் குரலும் போயிடும். அப்படியே திரி.”

“குருத்தையும் எடுத்துட்டா நீ எப்படிப் பேசுவே?”

“பேச மாட்டேன். எடு.”

சிலம்பி எடுத்தாள். பிசுபிசுத்த நாரை அலசாமல் திரித்தாள். மழைக்கு நைந்துபோயிருந்த பழைய நாண்களுக்குப் பதிலாக எல்லோருக்கும் புதியதைக் கொடுத்தாள்.

அடுத்த வேட்டையில் மூப்பன் ஒரு மானைக் குறிவைத்து நாணைக் காதுவரை இழுத்தான். “நாணுக்குப் பங்கு எங்கே?” என்று காதுக்குள் ஒரு குரல் அதட்டியது. கரியாத்தாள் பேசுவது போலவே இருந்தது. மான் துள்ளி மறைந்தது. அடுத்தவன் இழுத்தான், அவன் காதிலும் அதே கேள்வி. வெறுங்கையோடு திரும்பினார்கள். மறுநாளும் அப்படியே, அதற்கு மறுநாளும் அப்படியே. மற்றவர்கள் வில்லைக் கீழே வைத்துவிட்டார்கள். மூப்பன் வீம்புக்கு இழுத்துக்கொண்டே இருந்தான். காது வீங்கிப்போயிற்று.

கடைசியில் காதைப் பொத்திக்கொண்டு கரியாத்தாளின் குடிசைக்கு வந்தான். “ஆத்தா, அந்த நாணைச் சும்மா இருக்கச் சொல்லு.”

கரியாத்தாள் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

“அத்தை பேச மாட்டாங்க” என்றாள் சிலம்பி. “பேசினா காட்டை விட்டுப் போகணுமாம். அதை எந்தப் பாறையில நின்னு சொன்னீங்களோ, அங்கேயே நின்னு மாத்திச் சொல்லுங்க.”

மூப்பன் பங்குப்பாறையில் ஏறினான். கரியாத்தாள் எங்கே வேண்டுமானாலும் பேசலாம் என்றும், இனி முதல் பங்கு நாணுக்கு என்றும் எல்லோரும் கேட்கச் சொன்னான்.

“காது இந்த லட்சணத்துல வீங்குற வரைக்கும் என்னடா பண்ணிட்டிருந்தே?” என்று ஆரம்பித்தாள் கரியாத்தாள். முன்பே அறுத்து வைத்திருந்த ஒரு மருள் இலையை அனலில் வாட்டி, அவன் காதில் சாறு பிழிந்து முடிக்கும் வரைக்கும் அவள் நிறுத்தவில்லை. அதன்பின் நாண்களும் வாயை மூடிக்கொண்டன.

குருத்தைக் கொடுத்த அன்று முதல்தான் மருளுக்குப் பேச்சு இல்லை. குருத்துப் போன இடத்தில் கிளையுமின்றித் தண்டுமின்றி, நீட்டிய நாக்குகளாக இலைகள் மண்ணிலிருந்து விறைத்து எழுந்தன. குரல் வெளியேறிய தடம் வெளிர்ப் பட்டைகளாக அவற்றில் தங்கிவிட்டது. அதை மாமியார் நாக்கு என்று அழைத்து, வாசலில் தொட்டியில் வைத்துக்கொண்டு இன்றும் சிரிக்கிறார்கள். பாறையில் கேலி பேசியவன் வைத்த பெயர் நிலைத்துவிட்டது. அந்த நாக்கு எதற்காகப் பேசியது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

அடுத்து விழுந்த மானில் முதல் பங்கு சிலம்பியின் கைக்கு வந்தது. அவள் நேரே குடிசைக்குப் போகவில்லை. இறைச்சியை மருளின் முன்னால் வைத்து, “எடுத்துக்கட்டுமா?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்காக அங்கேயே உட்கார்ந்தாள்.