நல்லதம்பியின் பதில்

“பிரெக்சிட்டால இந்த நாட்டுக்கு நன்மையோ, தீமையோ, அம்மா?”

கார்த்திகேசு வந்ததும் வராததுமாகக் கேட்டார். குளிரங்கியைக்கூட இன்னும் கழற்றவில்லை.

சாந்தநாயகி அம்மா முற்றத்துக் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். ஈரமான படுக்கை விரிப்பின் ஒரு முனையை அவரிடம் நீட்டினார்.

“இதை ஒருக்காப் பிடியுங்கோ, அண்ணை.”

பிடித்தார். இருவரும் ஆளுக்கொரு பக்கம் முறுக்கினார்கள். தண்ணீர் அவருடைய சப்பாத்தில் வழிந்தது.

அம்மாவின் தியான இல்லம் இங்கிலாந்தின் கென்ட் கடற்கரையில், ஒரு குன்றின் மேல் இருந்தது. கீழே துறைமுகம். அக்கரைக்குப் போகிற லொறிகள் அங்கே ஒன்றன்பின் ஒன்றாகக் காத்து நிற்கும். வானம் தெளிந்தால் பிரான்சின் கரை தெரியும். அன்று மூட்டமாக இருந்தது.

அம்மாவுக்குக் கார்த்திகேசுவைவிட இருபது வயதாவது குறைவு. முன்பு ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்தவர். எல்லாவற்றையும் விட்டுவிட்டு இங்கே வந்து தங்கிவிட்டார். மனைவி காலமான பிறகு கார்த்திகேசு லண்டனிலிருந்து ரயிலேறி அடிக்கடி வந்துபோவார். தன்னைவிட இளையவரை அவர் ‘அம்மா’ என்றார். தன்னைவிட மூத்தவரை அம்மா ‘அண்ணை’ என்றார். இருவருக்கும் அதில் சங்கடம் இல்லை.

அங்கே வருகிற மற்றவர்கள் பிறவியைப் பற்றிக் கேட்டார்கள். மரணத்தைப் பற்றிக் கேட்டார்கள்.

கார்த்திகேசு இதைத்தான் கேட்டார். ஒவ்வொரு முறையும் இதைத்தான் கேட்டார்.

அம்மா ஒவ்வொரு முறையும் வேறு பேச்சுக்குப் போய்விடுவார். அன்று போகவில்லை. விரிப்பை உதறிக் கொடியில் போட்டுவிட்டு அவரைப் பார்த்தார்.

“இது ஆருக்குத் தெரிய வேணும்?”

“எனக்குத்தான்.”

அம்மா விரிப்பில் ஒரு கவ்வியை மாட்டினார்.

“நல்லதம்பிக்கு,” என்றார் கார்த்திகேசு.



நல்லதம்பியும் அவரும் ஒரே விமானத்தில் வந்து இறங்கியவர்கள். லண்டன் ஈஸ்ட் ஹாமில் ஒரே அறையில் இருந்தவர்கள். பெட்ரோல் நிலையங்களில் இரவு வேலை பார்த்து, பிறகு இருவருமாகச் சேர்ந்து ஒரு மரக்கறிக் கடை போட்டார்கள். முருங்கைக்காயும் வாழைப்பூவும் கருவாடும் விற்றார்கள். பாதிச் சாமான் பாரிஸிலிருந்தும் ரொட்டர்டாமிலிருந்தும் லொறியில் வரும்.

ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகுவதா என்று வாக்கெடுப்பு வந்தது.

ஊரில் இருந்த தமக்கை மகனுக்குக் கார்த்திகேசு விசா கேட்டு மறுக்கப்பட்டிருந்த காலம் அது. ஐரோப்பாக்காரர் கேட்டுக் கேள்வியில்லாமல் வந்து இறங்குகிறார்கள், நாங்கள் மட்டும் வாசலில் நிற்கிறோம் என்ற ஆத்திரம் அவருக்கு. ஒரு கூட்டத்தில் ஒருவர் சொன்னார், அந்தக் கதவைச் சாத்தினால் உங்கள் கதவு திறக்கும் என்று. கார்த்திகேசு அதை நம்பினார். துண்டுப் பிரசுரம் எடுத்துக்கொண்டு கடைத்தெருவில் நின்றார்.

நல்லதம்பியின் மகள் நெதர்லாந்தில் வேலையாக இருந்தாள். கடைக்கு வருகிற சாமானும் அந்தப் பக்கத்துச் சாமான். அவர் மற்றப் பக்கம் நின்றார்.

கல்லாவின் இரு பக்கமும் நின்று இருவரும் வாதாடினார்கள். கீரை வாங்க வந்த சனம் கீரையை மறந்து கேட்டுக்கொண்டு நின்றது. கார்த்திகேசு எதைச் சொன்னாலும் நல்லதம்பி “இல்லை, கார்த்தி” என்று தொடங்குவார். அந்த நாட்களில் அது ஒரு சந்தோஷம். சாயங்காலம் ஒரே பாத்திரத்தில் தேநீர் போட்டுக் குடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்கள்.

நாடு வெளியேறியது. அடுத்த ஆண்டு தமிழ்ப் பள்ளி விழாவில் இதையே பட்டிமன்றமாக வைத்தார்கள். இந்த இரண்டு பேரையும் இரண்டு அணிக்கும் தலைவராக்கினார்கள். ஆட்களைச் சிரிக்க வைக்கலாம் என்றுதான்.

நல்லதம்பி கடைசியாகப் பேசினார். பேச்சின் நடுவில் திரும்பி இவரைப் பார்த்தார்.

“நாங்கள் ரெண்டு பேரும் வேற நாட்டிலயிருந்து வந்த ஆக்கள், கார்த்தி. உள்ளுக்கு வந்து இருந்தாப் பிறகு கதவைப் பூட்டினவன் நீ.”

மண்டபம் கைதட்டியது. கார்த்திகேசுவின் மகனும் கைதட்டினான்.

அதோடு முடிந்தது. நல்லதம்பி இரண்டு தரம் வீட்டுக்குத் தேடி வந்தார். கார்த்திகேசு மாடியில் இருந்துகொண்டு, தான் இல்லை என்று சொல்லச் சொன்னார். பிறகு நல்லதம்பி கடையை விட்டு விலகினார். அவர்கள் குடியிருந்தது இரண்டு தெரு தள்ளித்தான். அதற்குப் பிறகு கார்த்திகேசு அந்தத் தெருவால் நடப்பதை விட்டார்.

ஆனால் வாதத்தை விடவில்லை. செய்தியில் நல்லதாக ஏதும் வந்தால், இதை நல்லதம்பி பார்த்திருப்பானா என்று நினைப்பார். கெட்டதாக வந்தால், எங்கேயோ இருந்து நல்லதம்பி சிரிப்பதுபோல இருக்கும்.



அம்மா வெறும் துணிக்கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தார்.

“உங்கட பக்கத்தைச் சொல்லுங்கோ.”

கார்த்திகேசு சொன்னார். இந்த நாட்டுச் சட்டத்தை இந்த நாட்டு மன்றமே எழுதுகிறது; பிழை விட்டால் மக்கள் அவர்களையே பிடித்துக் கேட்கலாம். தூரத்து நாடுகளோடு சொந்தமாக வியாபார ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். மருத்துவமனைக்குப் போனால் எங்கட பக்கத்து நர்ஸ்மார் நிற்கிறார்கள், தமிழில் நோவைக் கேட்கிறார்கள். பலன் வரக் காலம் எடுக்கும். ஒரு நாட்டுக்குப் பத்து வருஷம் ஒரு கணக்கே இல்லை.

“இனி அவற்ற பக்கம்.”

கார்த்திகேசு தயங்கினார். தொடங்கிய பிறகு தயக்கம் இல்லை. ஒரு பெட்டி வாழைப்பூவுக்கு எல்லையில் ஒரு கட்டுக் கடதாசி. டோவர் துறைமுகத்தில் லொறி நின்றால் மரக்கறி வாடும், வாடினதின் விலை வாங்குகிறவனின் தலையில். சின்ன வியாபாரிகள் அக்கரை வியாபாரத்தையே கைவிட்டார்கள். எங்கட பிள்ளைகள் நினைத்த ஊரில் போய் வாழ்ந்த உரிமை போயிற்று. ஒரு பிரதமர் போய் இன்னொரு பிரதமர், ஒருவரும் நிலைக்கவில்லை. அதிகாரம் திரும்பி வந்தது என்கிறாய், அது உன் கைக்கு வந்ததோ, கார்த்தி?

அந்தக் கடைசிச் சொல்லில் அவர் திடுக்கிட்டு நின்றார். குரல் தன்னுடையதாக இல்லை. கையை நீட்டி விரலை மடக்கிய விதமும் தன்னுடையதாக இல்லை.

அம்மா அவருடைய மடங்கிய விரலைப் பார்த்தார்.

“உங்கட பக்கம்தான் சரி, அண்ணை.”

கார்த்திகேசுவுக்கு நம்ப முடியவில்லை.

“ஏன் எண்டு சொல்லேல்லையே, அம்மா?”

“ஏன் எண்டும் வேணுமோ? நீங்கள்தான் வென்றிட்டியள். போய் அவரிட்டச் சொல்லுங்கோ.”

எழுந்து, கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

திரும்புகிற ரயிலில் கார்த்திகேசு ஜன்னலோரம் இருந்தார். இத்தனை வருஷம் காத்திருந்த சொல் கையில் கிடைத்துவிட்டது. ஆனால் சந்தோஷம் வரவில்லை.



கதவைத் திறந்தது நல்லதம்பியின் மனைவி திலகவதி. அவருக்குத் தலை முழுதும் நரைத்திருந்தது. கார்த்திகேசுவை அடையாளம் கண்டதும் முகத்தை முன்தானையால் துடைத்துக்கொண்டார்.

“வாங்கோ. உள்ளுக்கு வாங்கோ.”

நடையிலேயே நிறுத்தி, மெல்லிய குரலில் எல்லாவற்றையும் சொன்னார். சித்திரை மாதம் பக்கவாதம் வந்ததாம். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. மற்றவர் சொல்வது ஓரளவு விளங்குகிறது என்கிறார் டாக்டர். ஆனால் வாயில் ஒரு சொல்தான் மிச்சம்.

“என்ன சொல்லு?”

“ஓம்,” என்றார் திலகவதி. “சாப்பாடு வேணுமோ எண்டாலும் ஓம். வேண்டாமோ எண்டாலும் ஓம். வேண்டாம் எண்டு நினைச்சாலும் வாயில அதுதான் வருது. உங்களுக்கு அறிவிக்கட்டோ எண்டு கேட்டனான். ஓம் எண்டார். அது உண்மையா ஓமோ எண்டு எனக்குத் தெரியேல்லை. அதால விட்டிட்டன்.”

நல்லதம்பி ஜன்னலோரம் ஒரு சாய்வு நாற்காலியில் இருந்தார். தாடி வளர்ந்திருந்தது. கால்களின் மேல் கம்பளி. இடது கை அந்தக் கம்பளியின் நூலைப் பிடித்துப் பிடித்து விட்டது.

கார்த்திகேசு எதிரில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கண்கள் இவரைக் கண்டுகொண்டன. அதில் சந்தேகம் இல்லை.

“ஓம்,” என்றார் நல்லதம்பி.

கார்த்திகேசுவுக்கு என்ன கதைப்பது என்று தெரியவில்லை. தெரிந்த ஒன்றைத்தான் கதைத்தார்.

“ஆஸ்பத்திரியில எங்கட பக்கத்துப் பிள்ளையள்தான் உன்னைப் பாத்திருப்பினம்.”

“ஓம்.”

“நான் அண்டைக்கே சொன்னனான், அவையள் வருவினம் எண்டு.”

“ஓம்.”

“எங்கட சட்டத்தை நாங்களே எழுதுறது நல்லதுதானே.”

“ஓம்.”

பத்து வருஷமாக ஒரு நாளும் சொல்லாத சொல். கேட்ட மாத்திரத்தில் கிடைத்தது. கார்த்திகேசு நல்லதம்பியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். “இல்லை, கார்த்தி” என்று அது தொடங்கும் என்று பார்த்தார். ஒரே ஒரு தரம் தொடங்கினால் போதும்.

தொடங்கவில்லை.

அப்போது கார்த்திகேசு தானே தொடங்கினார்.

“இல்லை, நல்லதம்பி. மரக்கறி டோவரில வாடித்தான் வந்தது. நீ போனாப் பிறகு அக்கரைச் சாமானை நானும் நிப்பாட்டிட்டன்.”

“ஓம்.”

“வருகிற எங்கட ஆக்களுக்கும் இப்ப கதவு ஒடுங்கிக்கொண்டு வருது. தமக்கையின்ர பெடியனுக்குத் திரும்பவும் மறுத்துப்போட்டாங்கள். அவன் கனடாவுக்குப் போயிட்டான்.”

“ஓம்.”

“உன்ர மகள் வந்து உன்னைப் பார்த்துக்கொண்டு நிக்கிறதெண்டால், அவளின்ர நெதர்லாந்துப் புருஷனுக்கு இப்ப விசா வேணும்.”

இந்த முறை பதில் வரக் கொஞ்சம் தாமதித்தது.

“ஓம்,” என்றார் நல்லதம்பி.

திலகவதி தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். கார்த்திகேசு அதைத் தொடவில்லை. தேநீரில் ஆடை படிந்தது. வெளியே பள்ளி விட்டுப் பிள்ளைகள் போகும் சத்தம் கேட்டது.

கேட்க வந்தது ஒன்றும் மிச்சமில்லை. கேட்க வராத ஒன்று மிச்சமிருந்தது.

“என்னோட கோவமோ, நல்லதம்பி?”

“ஓம்.”

கார்த்திகேசு தலை குனிந்துகொண்டார். பிறகு நிமிர்ந்து, இன்னும் மெதுவாகக் கேட்டார்.

“கோவம் ஆறிட்டுதோ?”

“ஓம்.”

அதே குரல். அதே முகம். இடது கை நூலைப் பிடித்து இழுத்தது, விட்டது.



மறுநாள் காலை கார்த்திகேசு மீண்டும் ரயிலேறினார்.

அம்மா சமையலறையில் நிலத்தில் உட்கார்ந்து பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தார். கார்த்திகேசுவும் சுவரைப் பிடித்து மெல்லக் கீழே உட்கார்ந்தார்.

“சொன்னியளோ?”

“சொன்னன்.”

“என்ன சொன்னார்?”

“ஓம் எண்டான்.”

“அப்ப ஏற்றுக்கொண்டார்.”

கார்த்திகேசு இல்லை என்பதுபோலத் தலையை ஆட்டினார். நடந்ததை முழுக்கச் சொன்னார். பக்கவாதத்தைச் சொன்னார். தன் பக்கத்துக்கும் அவன் பக்கத்துக்கும் அதே சொல் வந்ததைச் சொன்னார். அம்மா முறித்த காயைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டார்.

“கோவமோ எண்டு கேட்டன். ஓம் எண்டான். ஆறிட்டுதோ எண்டு கேட்டன். அதுக்கும் ஓம் எண்டான். இதில எதை நான் நம்புறது, அம்மா? தேடி வந்தவனை அண்டைக்குப் படியிறங்கிப் போய்ப் பார்த்திருந்தா, அவனே வாயால சொல்லியிருப்பான். இனி ஆரிட்டப் போய்க் கேக்கிறது?”

“அவரிட்டத்தான்.”

“அவன் திரும்பவும் அதைத்தானே சொல்லுவான்?”

“சொல்லட்டும்.”

“அப்ப என்னத்தைக் கேக்கிறது?”

அம்மா காயைச் சட்டியில் போட்டார்.

“சாப்பிட்டியோ எண்டு கேளுங்கோ.”