படுக்கப் பயந்த களிறு

அந்தக் காலத்தில் மிருகங்களும் வாய்விட்டுப் பேசின. யானைகள் மல்லாந்து படுத்து, நாலு காலையும் வானத்துக்குக் காட்டித் தூங்கின. ஒரு யானைக் கூட்டத்துக்குக் கருமலையான் என்ற களிறு தலைவன். அவன் விடுகிற குறட்டையில் பலாப்பழம் உதிரும். "ஆகா, ராஜ தூக்கம்!" என்று காடே மெச்சியது. மெச்சாமல் என்ன செய்யும், மிதித்துவிடுவானே!

அவன் மனைவி இலுப்பி மட்டும் மெச்சவில்லை. ராத்திரி முழுக்கத் தூங்கியும் நடக்கும்போதே அவனுக்குக் கண் சொருகியது. முந்தின நாள் ஆற்றைக் கடக்கையில் கண்ணயர்ந்து, சொந்தக் கன்றையே மிதிக்கப் பார்த்தான்.

அன்று உச்சிவெயிலில் அவன் மருத மரத்தடியில் படுத்ததும், உண்ணி பொறுக்க வந்த கொக்கை இலுப்பி கூப்பிட்டாள்.

"தம்பி, பக்கத்துல நின்னு இவரைக் கொஞ்சம் பாரேன்."

கொக்கு அவன் நெஞ்சின்மேல் ஏறி நின்றது. இடி மாதிரி வந்த குறட்டை சட்டென்று நின்றது. "அப்பாடா!" என்றன மரத்து மேலிருந்த குரங்குகள்.

"அக்கா, மூச்சும் நின்னுபோச்சு!" என்று கொக்கு கத்தியது.

களிறு திணறி, விக்கி, மறுபடி குறட்டை விட்டது. மறுபடி நின்றது. ஐந்தாவது தடவை நின்றது நின்றதுதான். நாக்கு கறுத்துக்கொண்டே வந்தது.

தூங்கும் தலைவனை எழுப்பினால் கூட்டத்தை விட்டுத் தள்ளிவைப்பது அவர்கள் வழக்கம். மற்றப் பிடிகள் பின்வாங்கின.

"வேண்டாம் இலுப்பி, உன் கதி என்ன ஆகும்?" என்றது மூத்த பிடி.

"அவர் கதியைப் பாருங்களேன்!" என்று அலறிக்கொண்டு இலுப்பி நெற்றியால் முட்டினாள். மலை அசையுமா? மண்டியிட்டு, இருந்த பலத்தையெல்லாம் கூட்டித் தள்ளினாள். கருமலையான் ஒருக்களித்துப் புரண்டான். அவன் தொண்டைக்குள் காற்று புகுந்த சத்தம் காடெல்லாம் கேட்டது.

கண் திறந்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி, "எவடி என்னை எழுப்பினவ?"

"நான்தான். மல்லாந்து படுத்தா உங்க நாக்கு தொண்டையை அடைக்குது. இனிமே மரத்துல சாய்ஞ்சு நின்னே தூங்குங்க."

"காடே மெச்சுற தூக்கத்தை நோயுங்கிறியா? போடி வெளியே!"

இலுப்பி கெஞ்சவில்லை. கன்றை முன்னே விட்டு நடந்தாள். மூத்த பிடி அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அவள் பின்னால் போனது. ஒவ்வொன்றாக எல்லாப் பிடிகளும் போய்விட்டன.

கருமலையான் வீம்பாகப் படுக்கப் போனான். முழங்காலை மடக்கியவன் பாதியில் நிறுத்தினான். மூச்சு நின்றால்? சுற்றுமுற்றும் பார்த்தான். கொக்குதான் இருந்தது. அது முட்டியா இவன் புரளப் போகிறான்! மெல்ல எழுந்து மரத்தில் சாய்ந்துகொண்டான்.

அன்று முதல்தான் பிடிகள் கன்றுகளோடு கூட்டமாகப் போக, களிறு தனியே திரிகிறது. தூக்கம் வந்தால் நின்றபடியே கண்ணை மூடுகிறது. படுத்தால் எழுப்ப யார் இருக்கிறார்கள்?