எல்லைக்கல் போன கல்யாணம்

கோணக்கரட்டு ஜனங்களிடம் ஒரு நல்ல குணம் உண்டு. யார் எதைச் சொன்னாலும் சொன்னபடியே செய்துவிடுவார்கள். வேறு எந்தக் கெட்ட பழக்கமும் அவர்களுக்குக் கிடையாது. இது ஒன்றே போதுமாக இருந்தது.

அந்த ஊர் நாச்சிமுத்துவுக்கு முப்பத்தாறு வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை. பதினோரு வீட்டில் பெண் பார்த்தான். பதினோரு வீட்டிலும் கேசரி சாப்பிட்டதோடு சரி. பன்னிரண்டாவதாக, மூன்று மைல் தள்ளி ஊத்துப்பாளையத்தில் பாவாத்தாள் என்ற பெண், இவனை நேரில் பார்த்த பிறகும் சம்மதித்தாள். வெள்ளிக்கிழமை முகூர்த்தம். நாச்சிமுத்துவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

திங்கட்கிழமை அதே ஊர்ச் சடையப்பனுக்குக் காய்ச்சல் வந்து தொலைத்தது.

சுற்றுவட்டாரமெல்லாம் தொத்துக் காய்ச்சல் பரவிக்கொண்டிருந்த சமயம் அது. சுகாதார இன்ஸ்பெக்டர் ஸ்கூட்டரில் வந்து இறங்கி, ஊரைக் கூட்டித் தொண்டை வறளக் கத்தினார்.

“காய்ச்சலுக்குக் கால் கிடையாது. நாம நடந்தாத்தான் அது நடக்கும். அதனால இருபத்தோரு நாளைக்கு இந்த ஊர் ஆள் ஒருத்தரும் எல்லைக்கல்லைத் தாண்டி வெளிய போகக்கூடாது. வெளியாள் ஒருத்தரும் உள்ள வரக்கூடாது. ஆளுக்கு ஆள் ஆறடி தள்ளி நிக்கணும். சடையப்பனைத் தனியா விட்டுடணும். புரிஞ்சுதா?”

“புரிஞ்சுதுங்க” என்றது ஊர். இன்ஸ்பெக்டர் பாவம், நம்பிவிட்டார்.

ஊர்ப் பெரியவர் மணியகாரர் பொங்கியண்ணன் ரொம்பவும் பொறுப்பான மனிதர். மணிக்கொரு தரம் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு போய், சடையப்பன் தனியாக இருக்கிறானா என்று வாசலில் நின்று பார்ப்பார்.

“ஏப்பா சடையப்பா, தனியாத்தான் இருக்கறயா?”

கட்டிலில் கிடந்த சடையப்பன் விரல் விட்டு எண்ணுவான். “இல்லீங்க. நீங்க நாலு பேர் இருக்கறீங்களே.”

“அதும் வாஸ்தவந்தான். செரி, நாங்க போயிட்டு மறுபடி வந்து பாக்கறோம்.”

மறுபடி வந்தாலும் அதே கதைதான். ஒரு ஆளைத் தனியாக விடுவதில் இத்தனை கஷ்டம் இருக்கும் என்று மணியகாரர் கனவிலும் நினைத்ததில்லை.

வியாழக்கிழமை பெண்ணின் அப்பா எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் வந்து நின்று கூவினார். “நாளைக்குக் காலைல ஒம்பது மணிக்குள்ள மாப்பிள்ளை வரலீன்னா, எம் பொண்ணை அவ மாமன் பையனுக்கே கட்டிக் குடுத்துருவேன், ஆமா!”

நாச்சிமுத்து அழுதே விட்டான். ஊரும் அழுதது, ஆறடி தள்ளித் தள்ளி நின்று. அழுது முடித்ததும் யோசனை நடந்தது.

“கல்லைத் தாண்டாம எப்படிங்க கல்யாணத்துக்குப் போறது?”

“கல்லோட கண்ணைக் கட்டி உட்டுட்டுப் போயிரலாமுங்களா?”

“கல்லுக்கு ஏதப்பா கண்ணு?”

“அப்பக் கட்டாமலே போலாமுங்களே.”

“இன்ஸ்பெக்டருக்குக் கண்ணு இருக்குதே!”

அதற்குமேல் யாருக்கும் ஓடவில்லை. நாச்சிமுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டான். “ஏனுங்க மணியகாரரே, கல்லைத் தாண்டத்தானுங்க கூடாது? கல்லு முன்னால போகட்டும். நான் பின்னாலயே வர்றேன். ஊத்துப்பாளையம் வரைக்கும் போனாலும் நான் ஊருக்குள்ளதானுங்களே இருப்பேன்?”

மணியகாரருக்குக் கண் கலங்கிவிட்டது. “உன்னைய வேண்டாம்னு சொன்ன பதினோரு பேருக்கும் அறிவே இல்லடா” என்றார்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் கல்லைப் பிடுங்கினார்கள். நாலு பேர் ஆறடி தள்ளி நின்றுகொண்டு ஒரு கல்லைத் தூக்க முடியாது என்பது தெரியவே ஒரு மணி நேரம் ஆயிற்று. பிறகு இரண்டு நீள மூங்கிலைக் குறுக்கே கட்டி, நடுவில் கல்லைத் தொங்கவிட்டார்கள். கல் முன்னால் ஆடியாடிப் போக, பட்டு வேட்டியோடு நாச்சிமுத்து பின்னால் போக, அவனுக்குப் பின்னால் ஆறடிக்கு ஒருவராக அறுபது பேர் போனார்கள். சடையப்பனை மட்டும் விட்டுவிட்டுப் போனார்கள்.

பாதி வழியில் ஒரு ஆட்டுக்காரர் ஓரமாக நின்று கல்லை வேடிக்கை பார்த்தார். கல் அவரைக் கடந்துவிட்டது.

“யோவ், வெளியாள் எங்க ஊருக்குள்ள வரப்படாது, தெரியாதா?” என்று மணியகாரர் சத்தம் போட்டார்.

“நானெங்கீங்க வந்தேன்? காலைல இருந்து இங்கயேதான் நிக்கறேன்.”

“நின்னுட்டே உள்ள வந்திருக்கற. எத்தனை துணிச்சல்!”

ஆட்டுக்காரர் ஆடுகளை ஓட்டிக்கொண்டு கல்லுக்கு முன்னால் ஓடினார். கல் துரத்தத் துரத்த ஊத்துப்பாளையம் வரைக்கும் ஓடினார். அவர் அன்று எந்தப் பக்கம் மேய்க்கப் போக இருந்தாரோ, தெரியாது.

பந்தலில் மணமேடைக்கு நடுவே கல்லை வைத்தார்கள். இந்தப் பக்கம் மாப்பிள்ளை, அந்தப் பக்கம் பெண். யாரும் யாருடைய ஊருக்குள்ளும் போகவில்லை. ஆறடி தள்ளித் தாலி கட்டுவது எப்படி என்று பெண் வீட்டார் கேட்டார்கள். நாச்சிமுத்து அதற்கும் தயாராக வந்திருந்தான். முருங்கைக்காய் பறிக்கிற தொரட்டிக் கம்பின் நுனியில் மூன்று முடிச்சும் போட்ட தாலியை மாட்டி நீட்டினான்.

முதல் தடவை அது மாமனார் கழுத்தில் விழுந்தது. சபையில் எல்லோரும் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார்கள். இரண்டாவது தடவை தவில்காரர் மயிரிழையில் தப்பினார். மூன்றாவது தடவை பாவாத்தாள் பொறுமையில்லாமல் தானே எழுந்து, கம்புக்குக் கீழே தலையைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். நாச்சிமுத்துவுக்கு அப்போது வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. தாலி ஏறியதும் அவள் கோணக்கரட்டுக்காரி ஆகிவிட்டதால், கல்லைச் சுற்றி இந்தப் பக்கம் வரலாம் என்று தீர்ப்பாயிற்று.

திரும்பும்போதும் பழக்க தோஷத்தில் கல்தான் முன்னால் போனது. பழைய குழியிலேயே அதை நட்டுவிட்டு, தூக்கி வந்த நாலு பேரும் மூச்சு வாங்கக் கூட்டத்தோடு வந்து நின்றார்கள்.

கல்லுக்கு உள்பக்கம் போர்வையைப் போர்த்திக்கொண்டு சடையப்பன் உட்கார்ந்திருந்தான். “காலைல இருந்து ஒருத்தரும் வந்து பாக்கலீங்க. நான் தனியா இருக்கறனா இல்லையான்னே தெரியலீங்க” என்று குறைப்பட்டுக்கொண்டான். பிறகு உற்றுப் பார்த்தான். “ஏனுங்க, நீங்க எல்லாம் கல்லுக்கு வெளிய நிக்கறீங்க. வெளியாள் உள்ள வரப்படாதுங்களே?”

அறுபது பேரும் கல்லைப் பார்த்தார்கள். சடையப்பன் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை.

நாச்சிமுத்து கல்லுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். அவன் வீடு கண்ணுக்கு எதிரே தெரிந்தது. வாசலில் கட்டின வாழைமரம்கூடத் தெரிந்தது. “மணியகாரரே, கல்லைத் தூக்கி நமக்குப் பின்னால நட்டாப் போச்சுங்களே!”

“அது அவங்க ஊர்க் கல்லுப்பா. வெளியூர்க்காரங்க நாம தொடலாமா?” என்றார் மணியகாரர்.

அப்படியே கல்லுக்கு வெளியே இருந்த புளியந்தோப்பில் உட்கார்ந்துவிட்டார்கள். மாமனார் வண்டியில் அரிசி அனுப்பினார். பாவாத்தாள் சமைத்தாள். சடையப்பன் பங்கைத் தூக்குப்போசியில் போட்டு, அதே தொரட்டியில் மாட்டி, கல்லுக்கு மேலாக நீட்டினார்கள்.

நாச்சிமுத்துதான் பாவம். தினமும் பெண்டாட்டியை ஆறடி தூரத்தில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தான். என்ன பேசினாலும் தோப்புக்கே கேட்கும். “சாப்ட்டயா?” என்று அவன் ஆசையாகக் கேட்டால், அறுபது பேரும் “சாப்ட்டோம்” என்பார்கள்.

இருபத்தோராம் நாள் இன்ஸ்பெக்டர் வந்தார். சடையப்பனுக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. வேறு ஒருவருக்கும் தொத்தவே இல்லை. காய்ச்சல்காரன் ஒருத்தன் மட்டும் ஊருக்குள்ளே, நல்லாயிருந்த அத்தனை பேரும் வெளியே, அதுவும் ஆறடிக்கு ஒருவராக! அவர் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார்.

“இருபது ஊருக்குச் சொன்னேன், இந்த ஒரு ஊர்தான் கேட்டுது! எப்படிங்க இதைச் சாதிச்சீங்க?”

“எங்களுக்கென்னுங்க தெரியும், நாங்க வெளியூர்க்காரங்க” என்ற மணியகாரர் சடையப்பனைக் கை காட்டினார். “உள்ளூர்க்காரரைக் கேளுங்க.”

நாச்சிமுத்து முந்திக்கொண்டு நடந்ததையெல்லாம் சொல்லித் தேம்பினான். கேட்டுவிட்டு இன்ஸ்பெக்டர் ஸ்கூட்டர் மேல் சாய்ந்துகொண்டார். “கட்டுப்பாடெல்லாம் முடிஞ்சுது. எல்லாரும் உள்ள போங்க. முதல்ல இந்தப் புருஷன் பொண்டாட்டியை வீட்டுக்கு அனுப்புங்க. இவங்க ரெண்டு பேரையாவது கொஞ்சம் தனியா விடுங்கய்யா!”

“அப்படியே ஆகட்டுங்க” என்றார் மணியகாரர்.

அன்று மத்தியானம் நாச்சிமுத்து வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினான். ஆறடி ஐந்தடி ஆயிற்று. ஐந்தடி மூன்றடி ஆயிற்று. பாவாத்தாள் வெட்கப்பட்டுக்கொண்டே முக்கால் அடியை அவளாகவே குறைத்தாள்.

கதவு திறந்தது. வாசலில் மணியகாரரும் மூன்று பேரும் நின்றார்கள்.

“ஏப்பா நாச்சிமுத்து, தனியாத்தான் இருக்கறீங்களா?”

நாச்சிமுத்துவுக்குப் பொய் சொல்லத் தெரியாது. விரல் விட்டு எண்ணினான். “இல்லீங்க. நீங்க நாலு பேர் இருக்கறீங்களே.”

“செரி, நாங்க போயிட்டு ஒரு மணி நேரத்துல மறுபடி வந்து பாக்கறோம்.”

நாலாவது ஆளாக வந்திருந்த சடையப்பன் மட்டும் வாசலில் கொஞ்சம் நின்றான். அவனுக்கு அனுபவம் இருந்தது.

“கவலைப்படாத தாயி” என்றான் பாவாத்தாளிடம். “எனக்கு இருபத்தோரு நாள்ல செரியாப் போச்சு.”