மலை வரைந்த கதவு

ஆறு நாட்களாக ஹெய்சுகேவுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

மடத்தின் கூடத்துக்கு வாசல் பக்கம் நான்கு காகிதக் கதவுகள். பக்கவாட்டில் தள்ளித் திறப்பவை. நான்கிலும் சேர்த்து அவர் ஒரே மலையை மையால் வரைந்திருந்தார். மூடியிருந்தால் மலை முழுசாக நிற்கும். யாராவது ஒரு கதவைத் தள்ளினால் போதும், பாதி மலை அடுத்த கதவுக்குப் பின்னால் போய்விடும். ஹெய்சுகேவுக்கு உயிரே போய்விடும்.

குரு ரியோஷு பயணம் முடிந்து வந்து, பார்த்து, தன் சிவப்பு முத்திரையைப் பதித்தால்தான் ஹெய்சுகே ஓவியர். பதினெட்டு வருடமாக அதற்காகத்தான் காத்திருக்கிறார். இத்தனைக்கும் குருவைவிட அவர் ஐந்து வயது மூத்தவர். அந்த ஆற்றாமை வேறு.

"குரு வரும்வரை யாரும் கதவைத் தொடக் கூடாது" என்று சொல்லிவிட்டு, அங்கேயே காவல் உட்கார்ந்துவிட்டார். துறவிகள் முணுமுணுத்துக்கொண்டே கொல்லைப்புறம் சுற்றி வந்தார்கள். மழைக்காலம். சமையல்கட்டிலிருந்து அப்படிச் சுற்றி வந்த கஞ்சியில் பாதி மழைத்தண்ணீர்.

குரு வந்த அன்றும் கொட்டித் தீர்த்தது. அவரும் கொல்லை வழியாகத்தான் வர வேண்டியிருந்தது. சேற்றுக் காலோடு நின்றவரை உட்காரச் சொல்லக்கூட ஹெய்சுகேவுக்குத் தோன்றவில்லை.

"எப்படி இருக்கிறது, குருவே?"

குரு ஒவ்வொரு கதவாகப் பார்த்துக்கொண்டே நடந்தார்.

"குறை இருந்தாலும் பரவாயில்லை. ஏதாவது சொல்லிவிடுங்கள்."

"ஓடை நன்றாக இருக்கிறது."

"ஓடை மட்டும்தானா?"

குரு குனிந்தார். மலைப்பாதையில் அரிசி மணி அளவுக்கு ஓர் உருவம் இருந்தது.

"இவர் யார்?"

"வழிப்போக்கர். கையில் குடை இல்லை. மழை பிடிப்பதற்குள் போய்ச் சேர வேண்டுமென்று ஓடுகிறார்."

"எங்கே?"

"மேலே, பனிமூட்டத்துக்குள் ஒரு கூரை தெரிகிறதே, அந்த மடத்துக்கு." ஹெய்சுகேவுக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தக் கூரை யார் கண்ணிலும் படாமல் போய்விடுமோ என்று பயந்துகொண்டிருந்தார்.

குரு தன் அங்கியின் ஓரத்தைப் பிழிந்தார். தண்ணீர் தரையில் வழிந்தது.

"பாவம்" என்றார். "அங்கே கதவைத் திறப்பார்களா?"