கோபித்துக்கொள்ள ஒரு தாய்மாமன்

வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கதவோரம் நிற்கிற தாயே, நீயும் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உள்ளே வா. இன்றைக்கு ஒரு கல்யாணக் கதை சொல்லப்போகிறேன். யார் எதைச் செய்வது என்று புரியாமல் ஓர் அரண்மனையே தலையைப் பிய்த்துக்கொண்ட கதை.

முன்னொரு காலத்தில் ஒரு நாட்டை ஓர் அரசன் ஆண்டுவந்தான். நல்லவன்தான், ரோஷம் மட்டும் கொஞ்சம் தூக்கல். அவனுக்கு ஒரே மகள், செண்பகவல்லி. அவளுக்குக் காது குத்தியபோது மடியில் வைத்துக்கொண்டவர் அரசியின் அண்ணன் மருதவாணர். மடியில் வைத்த மாமனுக்குத்தான் முதல் தாம்பூலம். அரசனோ, விருந்துக்கு வந்த பக்கத்து நாட்டு ராஜாவைப் பார்த்த பரவசத்தில் அவரிடம் தட்டை நீட்டிவிட்டான். மருதவாணர் எழுந்தார். குழந்தையைத் தங்கையிடம் கொடுத்தார், துண்டை உதறித் தோளில் போட்டார், போய்விட்டார்.

"போனால் போகட்டும்! அவர் பேரை இனி இங்கே யாரும் எடுக்கக் கூடாது" என்றான் அரசன்.

குழந்தை வளர்ந்து குமரியாகி, அவளுக்குக் கல்யாணமும் நிச்சயமாகிவிட்டது. அந்தக் கட்டளை மட்டும் அப்படியே இருந்தது.

ஒருநாள் அரசன் சபையில் அறிவித்தான்: "நம் மகள் திருமணத்தில் பெண்வீட்டு உறவு என்று ஒருவரும் வேண்டாம். உறவு வந்தால் கூடவே மனஸ்தாபமும் வரும். தளபதியை நியமிக்கிறோம், பிரதானியை நியமிக்கிறோம். ஒரு தாய்மாமனை நியமிக்க முடியாதா?"

சபை திருதிருவென்று விழித்தது. தலைமை மந்திரியான பிரதானி கனகசபை மட்டும் எழுந்து கைகூப்பினார். சபையில் இருந்த சேந்தன் என்ற விகடகவியைக் கண்டால் இவருக்கு ஆகாது. தான் மணிக்கணக்காகப் பேசினாலும் கொட்டாவி விடுகிற அரசன், சேந்தன் வாயைத் திறந்தாலே சிரிக்கிறானே என்ற எரிச்சல்.

"அற்புதமான யோசனை, மன்னர் பெருமானே! யாருக்கு எந்தப் பொறுப்பு என்று பிரித்துக் கொடுக்கும் வேலையைச் சேந்தனிடமே ஒப்படைக்கலாம். அறிவாளி ஆயிற்றே!"

சேந்தன் அநாதைப் பிள்ளை, கோயில் மடைப்பள்ளியில் வளர்ந்தவன் என்பது பிரதானிக்குத் தெரியும். கல்யாணம் என்றால் அவன் கண்டதெல்லாம் பந்தி மட்டும்தான். பாயசத்துக்குப் பிறகு என்ன வரும் என்று கேட்டால் சொல்லுவான். பெண்ணுக்குப் பக்கத்தில் நிற்கிற ஆள் யார், ஏன் நிற்கிறார் என்று கேட்டால் விழிப்பான்.

"சேந்தா, மாமனோ அத்தையோ, யாருக்கு என்னென்ன கடமை உண்டோ அத்தனையும் ஒன்றுவிடாமல் நடக்க வேண்டும். ஏதாவது விட்டுப்போனால் நீ நாட்டின் எல்லையைத் தாண்டிப் போய்விட வேண்டியதுதான்" என்றான் அரசன்.

"ஒன்றுவிடாமல் என்றுதானே சொன்னீர்கள், அரசே?"

"ஒன்றுவிடாமல்!"

தாய்மாமனுக்குத்தான் முதல் மரியாதை என்பதால் அந்தப் பதவியைப் பிரதானி தனக்கே கேட்டு வாங்கிக்கொண்டார்.

சேந்தன் சபையை விட்டு வெளியே வந்தான். இருப்பது இந்த ஓர் ஊர்தான். இதையும் விட்டால் எங்கே போவது? நந்தவனத்தில் இளவரசி அவனை வழிமறித்தாள்.

"சேந்தா, பிரதானியா எனக்கு மாமா?"

"அரச கட்டளை, இளவரசி."

"அவர் என்னை ஒருதடவைகூடத் தூக்கினதில்லையே."

சேந்தன் அங்கே நிற்கவில்லை.

நேரே கடைவீதிக்குப் போனான். "ஆத்தா, கல்யாணத்துல தாய்மாமன் என்ன செய்யணும்?" என்று பூக்காரியைக் கேட்டான்.

"இது தெரியாதா? பொண்ணைத் தோள்ல தூக்கிட்டு மணவறைக்கு வரணும்."

அதை மறக்காமலிருக்க மேல்துண்டில் ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டான் சேந்தன். பக்கத்தில் எண்ணெய் விற்கிறவள் சும்மா இருப்பாளா?

"போடி இவளே! எங்க பக்கம் தூக்குற வழக்கமே கெடையாது. நெத்தியில பட்டம் கட்டணும், அதான் மாமன் வேலை."

இன்னொரு முடிச்சு.

"தூக்காத மாமன் என்னடி மாமன்?"

"பட்டம் கட்டாத மாமன் மட்டும் என்னடி மாமன்?"

வாழைத்தார் வண்டிக்காரன் எட்டிப் பார்த்தான். "எங்க ஊர்ல மாப்பிள்ளையைக் கையைப் புடிச்சு அழைச்சிட்டு வர்றதே மாமன்தான்."

"யோவ், அது பொண்ணோட அண்ணன் தம்பி வேலைய்யா!" என்று இரண்டு பெண்களும் அவன்மேல் பாய்ந்தார்கள்.

சேந்தன் போட்ட முடிச்சை அவிழ்த்தான், மறுபடியும் போட்டான். துண்டு முழுக்க முடிச்சு. எந்த முடிச்சு எதற்கு என்பது அவனுக்கே மறந்துவிட்டது.

"உங்களுக்குப் புண்ணியமாப் போகும், சண்டை வேண்டாம். எல்லா வீட்டுலயும் தவறாம நடக்குறதுன்னு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க."

மூன்று பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்: "மாமன் கோவிச்சுக்குவான்!"

"எதுக்கு?"

"எதுக்கோ! ரசத்துல உப்பு இல்லேன்னு கோவிச்சுக்குவான். பாயை ஓரமாப் போட்டுட்டாங்கன்னு கோவிச்சுக்குவான்" என்றாள் பூக்காரி. "பொண்ணோட அப்பன் தாம்பூலத் தட்டோட போயி, 'வாங்க மச்சான்'னு கையைப் புடிச்சுக் கூட்டிட்டு வரணும். அது இல்லேன்னா கல்யாணம் களைகட்டுமா?"

வேப்பமரத்தடியில் ஒருவர், பட்டுத்துணி மூட்டையை மார்போடு அணைத்தபடி நின்றிருந்தார். நரைத்த தலை, வெளியூர் முகம்.

"ஐயா, உங்க வீட்டுல எப்படி?" என்று சேந்தன் கேட்டான்.

"எங்க வீட்டுலயா?" அவர் அரண்மனைக் கோபுரத்தைப் பார்த்தார். "எங்க வீட்டுல மாமன் கோவிச்சுக்கிட்டு வெளியவே நின்னுடுவான், தம்பி. யாராவது வந்து கூப்பிட்டா போயிடுவான். யாரும்தான் கூப்பிடறதில்ல."

சேந்தன் அவர் முகத்தை உற்றுப் பார்த்தான். அரசியின் மூக்கு அப்படியே இருந்தது. குழப்பமெல்லாம் ஒரு பக்கம் கிடக்கட்டும் என்று அவரைத் தன் குடிசைக்கே அழைத்துக்கொண்டு போனான்.

முகூர்த்த நாள் விடிந்தது. அத்தையாக நியமிக்கப்பட்டவர் தளபதி. ஆரத்தித் தட்டை வாள் வீசுகிற வேகத்தில் சுழற்றினார். மஞ்சள் நீரில் பாதி சம்பந்தியின் பட்டு வேட்டியில் போய் விழுந்தது.

"யாரப்பா இவர்?" என்று சம்பந்தி திகைத்தார்.

"பெண்ணுக்கு அத்தை" என்றான் சேந்தன்.

"மீசை இருக்கிறதே?"

"அரசர் நியமித்த அத்தை, ஐயா. மீசையோடுதான் கிடைத்தார்."

மாப்பிள்ளை வீட்டார் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதற்குள் சேந்தன் நந்தவன மண்டபத்துக்கு ஓடினான். அங்கே பிரதானி ஜரிகைத் தலைப்பாகையோடு முதல் மரியாதைக்குக் காத்திருந்தார்.

"பிரதானி அவர்களே, இளவரசியைத் தோளில் தூக்கிவர வேண்டும். முதலில் இந்த நெல்மூட்டையைத் தூக்கிப் பழகிக்கொள்ளுங்கள்."

"இதென்ன பிரமாதம்?" என்று குனிந்தவர், "ஐயோ! இடுப்பு!" என்று அப்படியே பாயில் சாய்ந்துவிட்டார்.

"பரவாயில்லை, படுத்துக்கொண்டே செய்கிற கடமையும் ஒன்று உண்டு. நீங்கள் கோபித்துக்கொள்ள வேண்டும்."

"யார்மேல்?"

"அரசர்மேல்."

"உனக்குப் பைத்தியமா? என் தலை போய்விடுமே!"

"கடமை விட்டுப்போனால் கட்டளையை மீறினதாகும். அப்போதும் தலைதான் போகும்."

எப்படியும் போகப்போகிற தலையைப் பிரதானி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "நான் என்னதானப்பா செய்ய?"

"பேசாமல் படுத்திருங்கள். கதவைச் சாத்திவிடுகிறேன். உங்களைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளை உள்ளே விடுகிறேன்."

பட்டு மூட்டைக்காரர் உள்ளே போனார். கதவு மூடியது.

அரசனிடம் ஓடிவந்தான் சேந்தன். "அரசே, மாமன் கோபித்துக்கொண்டு கதவைச் சாத்திக்கொண்டார்!"

"பிரதானியா? என்மேலா? அவனுக்கு என்ன துணிச்சல்!"

"துணிச்சல் இல்லை அரசே, கடமை. ஒன்றுவிடாமல் என்றீர்களே. இனி மிச்சம் உங்கள் கடமைதான். தாம்பூலத் தட்டோடு போய் 'வாங்க மச்சான்' என்று கூப்பிட வேண்டும்."

அரசனுக்குத் தலை சுற்றியது. என்ன செய்வான், அவனே சொன்ன சொல் ஆயிற்றே. தட்டை வாங்கிக்கொண்டு போய்க் கதவின் முன் நின்றான்.

"மச்சான்... வாருங்கள்" என்றான். பதில் இல்லை.

"மச்சான், முகூர்த்த நேரம் நெருங்குகிறது." அப்போதும் பதில் இல்லை.

கையில் தட்டு, எதிரே மூடிய கதவு. இதே தட்டு, அன்றைக்கு வேறு பக்கமாய் நீண்ட தட்டு. அரசனின் குரல் இறங்கியது. யாரிடம் பேசுகிறோம் என்பதே அவனுக்கு மறந்துபோயிற்று.

"மச்சான், காது குத்தின அன்னிக்கு உங்களுக்குத்தான் முதல்ல குடுத்திருக்கணும். புத்தி கெட்டுப் போச்சு. குழந்தை ராத்திரியெல்லாம் மாமா எங்கேன்னு அழுதா. கூப்பிட ஆள் அனுப்பலாம்னு நினைச்சேன். ரோஷம் விடலை. வந்துடுங்க மச்சான்."

கதவு திறந்தது. பிரதானி வரவில்லை. மருதவாணர் நின்றிருந்தார். தாடி நனைந்திருந்தது.

"இந்த வார்த்தைக்குத்தான் மாப்பிள்ளே காத்துக்கிட்டு இருந்தேன்" என்றார்.

அவர் தட்டை வாங்கினாரா, அரசன் கொடுத்தானா தெரியவில்லை. வெற்றிலையெல்லாம் கீழே கிடந்தது, இரண்டு பேரும் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

உள்ளே பாயிலிருந்து பிரதானி கத்தினார்: "மன்னர் பெருமானே! உறவு கூடாது என்று தாங்கள் கட்டளையிட்டிருக்க, சேந்தன் உறவை உள்ளே விட்டுவிட்டான்!"

"அரசே, கோபித்துக்கொண்ட மாமனை நீங்கள் கூப்பிட்டீர்கள். கோபித்துக்கொண்ட மாமன் வந்தார். கதவைச் சாத்தியது மட்டும்தான் நான்" என்றான் சேந்தன்.

மருதவாணர் மூட்டையைப் பிரித்துக் கூறைப்பட்டை எடுத்துக் கொடுத்தார். மருமகளைத் தோளில் தூக்கிக்கொண்டு மணவறைக்கு நடந்தார். மூச்சு வாங்கியது, இறக்கிவிடவில்லை. அரசி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். தாலி ஏறியது.

அப்போது புரோகிதர் குரல் கொடுத்தார்: "பொரியிடும் நேரம். பெண்ணுடன் பிறந்தவர் வரலாம்."

சேந்தனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அண்ணன் தம்பி! கடைவீதியில் அவர்கள் சொன்னார்களே! துண்டின் முடிச்சுகளைப் பரபரவென்று தடவினான். உடன்பிறப்பு என்றால் என்னவென்றே அறியாதவன், அந்தப் பதவிக்கு ஆள் போடவே மறந்துவிட்டான்.

பாயோடு தூக்கிவந்து போடப்பட்டிருந்த பிரதானிக்கு இடுப்புவலியே பறந்தது. "விட்டுப்போயிற்று! ஒன்று விட்டுப்போயிற்று! எல்லையைத் தாண்டட்டும்!"

சேந்தன் தலையைக் குனிந்தபடி வாசலை நோக்கித் திரும்பினான்.

"சேந்தண்ணா" என்றாள் இளவரசி. இரண்டு கைகளையும் குவித்து நீட்டியபடி நின்றாள். "பொரி போடுங்க. நேரமாகுது."

சேந்தன் பின்னால் திரும்பிப் பார்த்தான், வேறு யாராவது நிற்கிறார்களோ என்று. ஒருவருமில்லை.

"அரசே, இவனைத் தாங்கள் நியமிக்கவே இல்லையே!" என்றார் பிரதானி.

அரசன் சிரித்தான். தூணைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தான். "அவள் அண்ணா என்று கூப்பிட்டுவிட்டாள். இனி நியமிக்க நான் யார், பிரதானி?"

முடிச்சு முடிச்சாய்க் கிடந்த துண்டைச் சேந்தனின் தோளிலிருந்து தானே எடுத்துவிட்டு, புதுப்பட்டு ஒன்றைப் போர்த்தினான். மருதவாணர் பொரித்தட்டை நீட்டினார். சேந்தன் அள்ளிப் போட்ட அவசரத்தில் பொரி பாதி தங்கையின் கையில் விழுந்தது, பாதி தரையில் விழுந்தது. அன்றைக்குப் பந்தியில் அவன் உட்காரவில்லை. பெண்ணின் அண்ணன் அல்லவா, இலை இலையாய்ப் போய் "இன்னும் கொஞ்சம் பாயசம் போடட்டுமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

கதை இவ்வளவுதான், என் செல்லங்களா. உங்கள் வீட்டில் மேளம் கொட்டட்டும், வாசலில் வாழைமரம் நிற்கட்டும். கோபித்துப் போனவரெல்லாம் நீங்கள் ஒரு குரல் கொடுத்ததும் ஓடிவரட்டும். பொரி போட ஒரு கையும் தூக்கி நடக்க ஒரு தோளும் உங்கள் பிள்ளைகளுக்கு என்றைக்கும் குறையாமல் இருக்கட்டும்.